மழையை வேண்டும் விழாவில் மழைக்கு ஏற்பாடு எங்கே?

கண்டி மாநகரில் மழை பெய்தது என்பது செய்தியாகாது. பெய்யாதொழிந்தது என்றால்தான் செய்தியாகும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் அமைந்த நகரம் அது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு வந்து இரவில் வடியும் இடைப்பருவ மழை. ஆண்டின் எந்த மாதத்தை எடுத்துக்கொண்டாலும் அங்கே மழைக்கு ஒரு நியாயம் உண்டு.

இத்தகைய நகருக்கு மக்களை இலட்சக்கணக்கில் வருக வருக என்று அழைத்து, வானமே கூரையாகவும் வீதியே பாயாகவும் இரவு முழுவதும் இருத்திவைக்கும் விழாக்கள் நடைபெறுகின்றன. அழைப்பவர் பலர், அலங்கரிப்பவர் பலர், அவ்வழைப்பால் வணிகம் செய்பவரும் பலர். ஆனால், மழை வந்தால் இம்மக்கள் எங்கே ஒதுங்குவர் என்ற வினாவிற்கு விடை கூறுபவர் எவர்? "குடை கொண்டு வரவேண்டியதுதானே!" என்பதே நாம் பெரும்பாலும் கேட்கும் மறுமொழி. அம்மறுமொழி போதாது என்று கூறுகிறோம். அறத்தின்படியும் போதாது, சட்டத்தின்படியும் போதாது.

விழாவின் வேரிலேயே மழை

கண்டி எசல பெரஹரா இரண்டு மரபுகளின் சங்கமம் என்பர். ஒன்று, மழை வேண்டித் தெய்வங்களை வழிபட்ட மிகப் பழைய எசல விழா. மற்றொன்று, கி.பி. 4ஆம் நூற்றாண்டில் புத்தரின் தந்ததாது இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட பின்னர் எழுந்த தலதா ஊர்வலம். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கைதியாயிருந்து தப்பிய ரொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட தமது நூலில் பெரஹராவை விவரித்திருக்கிறார். நாயக்கர் வழிவந்த மன்னனாகிய கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்திலேதான் தந்ததாது இவ்வூர்வலத்தின் முதலிடத்தைப் பெற்றது. அதன் பின்னே நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் அணிவகுக்கின்றன. கதிர்காமக் கந்தனுக்குக் காவடி ஆடுகிறது. பத்தினித் தெய்வமாகிய கண்ணகிக்கு முரசு முழங்குகிறது. ஆகவே, இது பிறர் வீட்டு விழா, நமக்கென்ன என்று தமிழர் எவரும் கூறுவதற்கு இடமில்லை.

விழா நிறைவில் கெட்டம்பேயில் மகாவலி கங்கையிலே நீர் வெட்டும் சடங்கு நடைபெறுகிறது. தொடக்கமும் நீரை நோக்கியது; முடிவும் நீரிலேயே. ஆங்கிலேயர் ஆட்சியில், 1828இல், கொடிய வரட்சியின்போது தந்ததாதுவை வெளியே எடுத்து வழிபட்டதும் பெருமழை கொட்டி வெள்ளம் பெருகியதென்றும், அதனைத் 'தலதா வதுர' என்று மக்கள் பெயரிட்டு அழைத்தனரென்றும் கண்டியில் மரபாகச் சொல்லிவருவர். அக்கதையை நம்புவதும் நம்பாமையும் அவரவர் விருப்பம். ஒன்று மட்டும் தெளிவு: இவ்விழாவைக் கொண்டாடுவோரின் நம்பிக்கையின்படியே மழை எதிர்பாராத விருந்தாளியன்று, அழைக்கப்பட்ட விருந்தாளி. விருந்தாளியை அழைத்துவிட்டு, அவர் வாயிலில் வந்து நிற்கும்போது, "தாங்கள் வருவீரென்று நாம் எண்ணவில்லையே" என்று திகைப்பது எந்த ஊர் வழக்கம்?

மாடத்தில் இருப்போரும் மண்ணில் இருப்போரும்

பெரஹரா பத்து இரவுகள் நீடிக்கும்: ஐந்து கும்பல் பெரஹரா, ஐந்து ரந்தோலி பெரஹரா. ரந்தோலி இரவுகளில் ஊர்வலம் மாலைக்குப் பின்னரே புறப்படும். ஆயினும் தூர இடங்களிலிருந்து வந்த குடும்பங்கள் காலையிலேயே நடைபாதையில் இடம் பிடித்து, பொலித்தீன் விரித்து, குழந்தைகளை மடியிலும் சோற்றுப் பொதியை அருகிலும் வைத்துக்கொண்டு அமர்ந்துவிடுவர். வீதியோரக் கட்டடங்களின் மாடங்களும் முகப்புகளும் நாற்காலி நாற்காலியாக விலைபோகும். பெருந்தொகை கொடுத்து வாங்குபவர்களுட் பலர் வெளிநாட்டுப் பயணிகள். பயணிகள் வருவதை நாம் குறைகூறவில்லை. அவர்கள் வரவால் நாட்டுக்கு வருவாய் உண்டு. ஆனால், ஒரே மேகத்திலிருந்து விழும் மழை, பணம் கொடுத்தவன் தலைக்கு மேல் ஓட்டிலே தாளம் போடுகிறது. பணமில்லாதவன் தலையிலேயே விழுகிறது. மாடத்திலிருப்பவனுக்கு அது காட்சி. மண்ணிலிருப்பவனுக்கு அது காய்ச்சல்.

இசைக்கும் கலைஞரின் நிலையோ இன்னும் கொடியது. கெட்ட பெரய, தவுல், தம்மெட்டம, ஹொரணை ஆகியவற்றின் முழக்கமின்றிப் பெரஹரா இல்லை. தோற்கருவி நனைந்தால் தோல் தளரும். தோல் தளர்ந்தால் நாதம் செத்துவிடும். தவிலும் மிருதங்கமும் கையாண்ட நம் கலைஞர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. நனைந்த மேளத்தைத் தீயருகே காய்ச்சி வாரை இறுக்கி மீண்டும் சுருதிக்குக் கொண்டுவரலாம். நனைந்த கலைஞனை எங்கே காய்ச்சுவது? கொப்பரைத் தீப்பந்தம் சுமப்போரும், யானைப் பாகரும், ஊர்வலம் போனபின் வீதியைக் கூட்டும் மாநகர சபைத் தொழிலாளரும் குடை பிடித்துக்கொண்டு தம் தொழிலைச் செய்ய முடியுமா? "குடை கொண்டுவா" என்னும் அறிவுரை, கைகள் சும்மாயிருக்கும் கனவான்களுக்கு மட்டுமே பொருந்தும் அறிவுரை.

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 18 முதல் 27 வரை, 16 ஆண்டுகளுக்குப் பின்னர், தந்ததாது பொதுமக்கள் தரிசனத்திற்காக வைக்கப்பட்டது. அது இசை விழாவன்று. எனினும் கூட்டத்தின் தன்மையை அறிவதற்கு அதனினும் சிறந்த பாடம் இல்லை. மக்கள் கிலோமீற்றர் கணக்கில் வரிசையில் நின்றனர். வீதியோரத்தில் இரவுகளைக் கழித்தனர். இறுதியில், இனிக் கண்டிக்கு வரவேண்டாமென்று பொலிஸாரே பொதுமக்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. ஏப்ரல், இடைப்பருவ இடிமழையின் மாதம். திகதியைத் தெரிந்தெடுத்தது வானமன்று, மனிதர். முதியோரும் தாய்மாரும் சிறுவரும் வருவர் என்பது முன்கூட்டியே தெரியும். பிற்பகலில் மழை வரும் என்பதும் தெரியும். தெரிந்த இரண்டையும் கூட்டிப் பார்ப்பதற்கு எத்துணைக் கல்வி வேண்டும்?

முன்னோர் கட்டிய அம்பலமும் மடமும்

"இதெல்லாம் மேனாட்டு ஆடம்பரம், நம் மக்கள் வெயிலையும் மழையையும் தாங்கப் பழகியவர்கள்" என்று சிலர் கூறுவர். வரலாறு அறியாதார் கூற்று அது. கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கடுகண்ணாவையிலே பழைய அம்பலம் ஒன்று இன்றும் நிற்கிறது. கண்டி இராச்சியத்தின் பாதைகளிலெல்லாம் வழிப்போக்கர் தங்கி இளைப்பாற இத்தகைய அம்பலங்கள் இருந்தன. யாழ்ப்பாணத்திலே பருத்தித்துறையில், வீதிக்கு மேலேயே கூரை வேய்ந்து, நடுவே வண்டி செல்ல வழிவிட்டு, இருபுறமும் திண்ணை அமைத்த தெருமூடி மடம் நம் கண்முன்னே இருக்கிறது. மடம், சத்திரம், தண்ணீர்ப் பந்தல், சுமைதாங்கிக் கல் என்று வழிநடப்பவன் ஒவ்வொரு தேவைக்கும் நம் மொழியில் ஒரு சொல் இருப்பது தற்செயலன்று. சிங்களவர் முன்னோரும் தமிழர் முன்னோரும் ஒருமித்து அறிந்திருந்த உண்மை ஒன்றுண்டு: மக்களை வரவழைக்கும் வழிக்கு ஒரு கூரையும் வேண்டும். அவர்கள் ஒவ்வொருவனுக்கும் குடை கொண்டுவரும்படி ஓலை அனுப்பவில்லை, மடம் கட்டினார்கள்.

குடைக்கும் மடத்துக்கும் உள்ள வேறுபாடே இவ்வழக்கின் சாரம். குடை ஒருவனைக் காக்கும். நெருக்கடியில் அடுத்தவன் முதுகில் நீரை வார்க்கும். பின்னால் நிற்பவனின் கண்ணை மறைக்கும். கம்பியால் குத்தவும் செய்யும். மடம் எல்லோரையும் காக்கும். தனி மனிதன் குடை பிடிக்கலாம். மடம் கட்ட முடியாது. பொதுவாகச் செய்யவேண்டியதைப் பொது அதிகாரம் செய்யாமல் தனி மனிதன் தலையில் ஏற்றிவிட்டு, அவன் நனைந்தபின் அவனையே குறைகூறுவது ஆட்சியன்று, கைகழுவுதல்.

'தெய்வச் செயல்' என்னும் சாட்டு

ஏதேனும் தீங்கு நேர்ந்தபின் கேட்கும் இரண்டாவது சாட்டு ஒன்றுண்டு: "மழை தெய்வச் செயல், அதற்கு மனிதர் பொறுப்பாளிகளா?" சட்டத்தின் துணையை நாடுவோர் சட்டத்தை முழுமையாகப் படிக்கவேண்டும். தெய்வச் செயல் என்னும் எதிர்வாதத்துக்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அது மிகக் குறுகிய இடம். நியாயமான மனிதன் எதிர்பார்த்திருக்க முடியாததும், நியாயமான கவனத்தால் தடுத்திருக்க முடியாததுமான நிகழ்ச்சிக்கே அது பொருந்தும்.

ஸ்கொத்லாந்திலே கிரீனொக் நகராட்சி, சிறுவர் நீர் விளையாடுவதற்கென ஓர் ஓடையின் இயல்பான போக்கை மாற்றிக் குளம் ஒன்று அமைத்தது. வழக்கத்துக்கு மீறிய பெருமழை பெய்தது. ஓடை பெருகி வீதிவழியே பாய்ந்து புகையிரதக் கம்பனியின் உடைமையைச் சேதப்படுத்தியது. நகராட்சி, தெய்வச் செயல் என்றது. 1917இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. பெருமழையென்பது அந்நாட்டில் நடக்கக்கூடியதே. நீரின் போக்கை மாற்றியவன் அதற்கேற்ற ஏற்பாட்டையும் செய்திருக்கவேண்டும் என்பதே அத்தீர்ப்பின் கருத்து. ஸ்கொத்லாந்துச் சட்டமும் நம் நாட்டு ரோமன்-டச்சுச் சட்டமும் பழைய உரோமச் சட்டத்தின் நிழலில் வளர்ந்தவையே. நீரோட்டத்தின் போக்கை மாற்றியவனுக்கு ஒரு கடமை உண்டென்றால், மனிதவோட்டத்தின் போக்கை மாற்றி இலட்சம் பேரை ஒரு பள்ளத்தாக்கில் கூட்டுபவனுக்குக் கடமை இல்லையா? கிரீனொக்கில் பெய்தது வழக்கத்துக்கு மீறிய மழை. கண்டியில் ஏப்ரலிலும் ஓகஸ்டிலும் பெய்வது வழக்கமான மழை. மீறிய மழைக்கே சாட்டு இல்லையென்றால், வழக்கமான மழைக்குச் சாட்டு ஏது?

"மழை வருமென்று தெரிந்துதானே வந்தார்கள்? இசைந்தவனுக்கு ஊறில்லை என்பது சட்டந்தானே?" என்று வேறொருவர் எழுந்து கேட்கக்கூடும். இசைந்தவன் எதற்கு இசைந்தான் என்பதே கேள்வி. நனைவதற்கு இசைந்தான், ஒப்புக்கொள்கிறோம். மூடியில்லாத வடிகாலில் இருளில் விழுவதற்கு இசைந்தானா? நனைந்த தரையில் கிடக்கும் மின்கம்பியை மிதிப்பதற்கு இசைந்தானா? வெளியேறும் வழி ஒன்றேயான ஒடுங்கிய வீதியில், இடி முழங்கியதும் ஓடுகின்ற கூட்டத்தின் காலடியில் தன் குழந்தை சிக்குவதற்கு இசைந்தானா?

2004 டிசெம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இந்நாட்டில் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. அமைச்சுக்களும் திணைக்களங்களும் தத்தமக்குரிய அனர்த்தத் திட்டங்களை ஆயத்தம் செய்யவேண்டுமென்று அது கூறுகிறது. ஆகவே சட்டம் இல்லையென்று எவரும் கூற முடியாது. ஏட்டில் இருக்கும் சட்டம் நடைபாதைக்கு இறங்கி வருவது எப்போது என்பதே நம் வினா.

உலகம் கற்ற பாடம்

திறந்த வெளியில் கூடாரமடித்து நாட்கணக்கில் இசை கேட்கும் வழக்கம் மேனாடுகளில் பரவியிருக்கிறது. 1969 ஓகஸ்டில் அமெரிக்காவின் வூட்ஸ்டொக் இசை விழாவில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் மழையிலும் சேற்றிலும் கிடந்தனர். அச்சேறு பின்னர் வீரகாவியமாகப் பாடப்பட்டது. ஆனால் எல்லா மழையும் காவியமாவதில்லை. 2011 ஓகஸ்ட் 13இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் கண்காட்சியில், புயற்காற்றால் இசைமேடையின் மேற்கட்டு சரிந்து எழுவர் மாண்டனர். மேற்கட்டு உரிய பலம் கொண்டிருக்கவில்லை என்பதும், போதிய அவசரத் திட்டம் இருக்கவில்லை என்பதும் பின்னர் நடந்த விசாரணைகளில் வெளிப்பட்டன. ஐந்து நாட்கள் கழித்து, பெல்ஜியத்தின் புக்கல்பொப் இசை விழாவில் வீசிய புயலில் ஐவர் உயிரிழந்தனர். இவையெல்லாம் செல்வ நாடுகள். செல்வம் இருந்தும் முன்யோசனை தவறினால் மேடை விழும்.

மறுபுறமும் பாருங்கள். 2023இல் ஜேர்மனியின் வாக்கன் இசை விழாவில், பெருமழையால் கூடாரத் திடல் சேறானதும், நுழைவுச்சீட்டு விற்றுத் தீர்ந்திருந்தும், இனி எவரும் உள்ளே வரவேண்டாமென்று அமைப்பாளர் வாயிலை மூடினர். சீட்டு வாங்கிய பல்லாயிரம் பேர் வீடு திரும்பினர். அதே ஆண்டு சென்னையில், ஓகஸ்ட் 12இல் நடைபெறவிருந்த ஏ. ஆர். ரகுமானின் இசை நிகழ்ச்சி மழை காரணமாக ஒத்திவைக்கப்பட்டது. செப்டெம்பர் 10இல் அது நடந்தபோது, மழை வழிவிட்டும் கூட்ட நெரிசல் வழிவிடவில்லை. இவ்விரண்டிலிருந்தும் பெறும் படிப்பினை: நிறுத்தும் துணிவும் வேண்டும், நிறுத்தியபின் ஒழுங்காக நடத்தும் திறமையும் வேண்டும்.

மலைச் சரிவில் கூடாரம்

கண்டியைச் சுற்றியும் இப்போது அவ்வழக்கம் வேரூன்றுகிறது. ஹந்தானைச் சரிவிலும், நக்கிள்ஸ் மலைத்தொடரிலும், நீர்த்தேக்கங்களின் கரைகளிலும் இளைஞர் கூடாரமடித்துப் பாடியாடி இராத் தங்குகின்றனர். இளைஞர் பாடட்டும், ஆடட்டும். ஆனால் மலைநாட்டு மழை நனைப்பதோடு நிற்பதில்லை என்பதை அவர்களுக்கு எவரேனும் கூறவேண்டும். 2025 நவம்பர் 28இல் கரை கடந்த டித்வா புயல் இந்நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. கண்டி மாவட்டமே மிகக் கூடிய உயிர்களை இழந்த மாவட்டங்களுள் முன்னின்றது. அங்கே மக்களைக் கொன்றது பெரும்பாலும் வெள்ளமன்று, மலை. சரிந்த மண்ணின் கீழ், தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் மலையகத் தமிழரும் இருந்தனர்.

மண்சரிவு அபாயத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிலைகளில் அறிவிக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாயிரு; செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாயிரு; சிவப்பு என்றால் வெளியேறு. சிவப்பு அறிவிப்பு வந்தபின், கட்டிய கூடாரத்தையும் கட்டணம் கொடுத்த சீட்டையும் எண்ணித் தயங்குபவன் உயிரை விலையாக வைக்கிறான். அறிவிப்பு வராதபோதும், நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அங்கே நிற்கலாகாது.

பொதுமக்கள் செய்யக்கூடியது

அதிகாரத்தின் கடமையை வற்புறுத்தும் நாம், மக்களின் கடமையை மறைக்க விரும்பவில்லை. கூடாரத்தை மேட்டில் அடிக்கவேண்டும். பள்ளத்திலும், வரண்ட ஓடையிலும், வெட்டிய மண் மேட்டின் அடியிலும், தனிமரத்தின் கீழும் அடித்தலாகாது. கீழே விரிக்கும் பொலித்தீன் கூடாரத்தின் விளிம்புக்கு வெளியே நீண்டிருந்தால், கூரையிலிருந்து வழியும் நீரையெல்லாம் பிடித்து உள்ளே சேர்க்கும்; அதனை உள்மடித்து விடவேண்டும். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி இறுகும். நைலோன் கயிறு தளரும். இரவில் ஒருமுறை எழுந்து பார்த்தல் நன்று. ஒரு சோடி உடையைப் பொலித்தீன் பையில் முடிந்து, எவ்வளவு நனைந்தாலும் உறங்கும் நேரம்வரை அதனைத் தொடாதிருக்கவேண்டும். கூட்டத்துக்குள் குடையைவிட மழையங்கியே ஏற்றது.

மூடிய கூடாரத்தினுள் அடுப்போ கரியோ மூட்டலாகாது. அதிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறக்கத்திலேயே உயிர் போகும். தேங்கிய நீரில் வெறுங்காலோடு நடந்தால், காலிற் புண்ணிருப்பின் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். மழைக்குப் பின் சில நாட்களில் காய்ச்சல் கண்டால், நீரில் நின்ற செய்தியை மருத்துவரிடம் தவறாது கூறவேண்டும். அட்டைக்குச் சவர்க்காரமோ தேசிக்காயோ உதவும். இடி முழங்கினால் திறந்த வெளியை விட்டுக் கட்டடத்துக்குள் செல்லவேண்டும்; கூடாரம் மின்னலுக்குக் காப்பன்று.

இவை யாவும் தனி மனிதன் செய்யக்கூடியவை. ஆனால் கடைசி வாக்கியத்தை மீண்டும் நோக்குங்கள். "கட்டடத்துக்குள் செல்லவேண்டும்" என்றோம். எந்தக் கட்டடத்துக்குள்? எவர் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்? தனி மனிதனின் முன்னேற்பாடு எவ்வளவு சிறந்ததாயினும், இறுதியில் ஒரு பொதுக் கதவின் முன்னே வந்து நிற்கிறது. அக்கதவு பூட்டியிருந்தால் அவன் கொண்டுவந்த அனைத்தும் வீண்.

நாம் கோருவது

கண்டி மாநகர சபையிடமும், விழா அமைப்பாளரிடமும், மாவட்ட நிர்வாகத்திடமும் நாம் கோருவன ஐந்து.

முதலாவது, ஒவ்வொரு பெருவிழாவுக்கும் மழைத் திட்டம் ஒன்று எழுத்தில் வகுக்கப்பட்டு, விழாவுக்கு ஒரு மாதம் முன்னரே சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் வெளியிடப்படவேண்டும். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. மழை எச்சரிக்கை புரியாமல் ஒரு தமிழ்த் தாய் நடைபாதையில் தன் குழந்தையோடு இருப்பாளாயின், அது மொழிபெயர்ப்புக் குறைபாடன்று, உரிமை மறுப்பு.

இரண்டாவது, ஊர்வலப் பாதையை அண்டிய பாடசாலைகள், மண்டபங்கள், பொதுக் கட்டடங்கள் ஆகியவற்றுள் எவை இரவு முழுவதும் திறந்திருக்கும், எத்தனை பேர் கொள்ளும் என்ற பட்டியல் ஒட்டப்படவேண்டும். முதியோர்க்கும் கைக்குழந்தையோடு வருவோர்க்கும் முதலிடம் தரவேண்டும்.

மூன்றாவது, வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பையும் மண்சரிவு எச்சரிக்கையையும் ஒலிபெருக்கி மூலம் மும்மொழியில் அறிவிக்கவும், அபாயம் கண்டால் நிகழ்ச்சியை நிறுத்தவும், பதவியும் அதிகாரமும் குறித்த ஓர் அலுவலர் நியமிக்கப்படவேண்டும். எல்லோருக்கும் பொறுப்பு என்றால் எவருக்கும் பொறுப்பில்லை.

நான்காவது, வடிகால்களுக்கு மூடி, மின்கம்பிகளுக்கு உயரம், மலசலகூடங்களுக்கு நீர், வெளியேறும் வழிகளுக்கு வெளிச்சம் ஆகியவை விழாவுக்கு முன்னரே பரிசோதிக்கப்பட்டு, பரிசோதனை அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். மலைச் சரிவில் கூடார நிகழ்ச்சிக்கு அனுமதி கோருவோர், அந்நிலத்தின் மண்சரிவு நிலையைக் காட்டும் சான்றோடு வரவேண்டும்.

ஐந்தாவது, மேளம் அடிப்போர், ஆடுவோர், பந்தம் சுமப்போர், பாகர், துப்புரவுத் தொழிலாளர் ஆகியோர்க்கு உலர்ந்த தங்குமிடமும் மாற்றுடையும் வேண்டும். மழையால் நிகழ்ச்சி நின்றாலும் அவர்தம் கூலி நிற்கலாகாது.

இவற்றுக்குப் பணம் எங்கே என்று கேட்பர். ஒரு மாடத்து நாற்காலியின் விலையை அறிந்தவர் இக்கேள்வியைக் கேட்கத் தயங்குவர். இக்கோரிக்கைகள் பெரஹராவுக்கு மட்டுமே உரியவையல்ல. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசியில் ஐந்து தேர் ஓடும்போது நாகசுரமும் தவிலும் கேட்க வரும் அடியாரும் இதே மலைநாட்டு வானத்தின் கீழேதான் நிற்கின்றனர். நம் ஆலய அறங்காவலர் முதலில் செய்து காட்டட்டும். பிறரிடம் கேட்கும் உரிமை அதனால் இரட்டிப்பாகும். மழை சிங்களவன், தமிழன், முஸ்லிம் என்று பிரித்துப் பெய்வதில்லை. ஏற்பாடும் அவ்வாறே அமையவேண்டும்.

எசல விழா கப் நடும் சடங்கோடு தொடங்குகிறது. அடுத்த விழாவுக்குக் கப் நடப்படுவதற்கு முன்னர், மழைத் திட்டம் மும்மொழியிலும் கண்டி வீதிகளில் ஒட்டப்பட்டிருக்கவேண்டும். ஒட்டப்பட்டிருந்தால் அதனைப் பாராட்டி எழுதும் முதற் பத்திரிகை நமதாயிருக்கும். ஒட்டப்படாவிடின், ஏன் இல்லை என்று மாநகர சபை வாயிலில் எழுத்தில் கேட்பதற்கு நம் தோழர் அணியமாயிருக்கவேண்டும். மழை வருவது உறுதி. விடை வருமா என்பதே இனிக் காணவேண்டியது.